வேப்பந்தழையை அவுத்தது நான்தான்

...அப்பறம் என்ன, சொட்டு மருந்து குடுக்க வந்த நர்சம்மா வாசல்ல நிக்கறா. மூலை ஊட்டு மருமக உள்ள ஓடிப்போயிப் பையனைப் பாத்ரூமுக்குள்ள தள்ளித் தாப்பாப் போட்டுட்டு வந்து, "பையன் ஊருக்குப் போயிருக்கானுங்க"ங்கறா. உள்ள இருந்து அந்தப் பையன், "அம்மா, சோப்பு தீந்துபோச்சு"ன்னு கத்தறான். நர்சம்மாவுக்கே சிரிப்பு தாங்கலை. நான் சுவத்துக்கு இந்தப் பக்கம் நின்னு முந்தானையை வாயில அமுக்கிக்கிட்டுச் சிரிச்சேன் கண்ணு. பல்லுசெட்டு கழண்டு விழுகாத கொறை.

நீயும் சிரி. ஆனா வெளிய போயி அவளைப் பத்திப் பேசாத. பேசறதுக்கு எனக்கும் வாயி கெடையாது. நானும் ஒருக்காப் பையனை ஒளிச்சு வச்சவதான். அவகிட்ட வந்தது நர்சம்மா. என்கிட்ட வந்தது ஜில்லாவுக்கே பெரிய டாக்டரு. நீ அந்த அவரைக்காய்க்கு நாரெடு, நான் சொல்றேன்.

பெரிய டாக்டருன்னா ஆஸ்பத்திரியில உக்காந்து நாடி புடிக்கறவரு இல்லை. அவரு ஆருக்கும் ஒரு மாத்திரை குடுத்து நான் பாத்ததில்லை. கோயமுத்தூருல ஆபீசு, ஜீப்புல வருவாரு. "இந்தக் கெணத்துத் தண்ணி ஆகாது"ன்னு சொன்னாருன்னா அன்னைக்கே வெள்ளைப் பொடியைக் கொட்டிக் கெணத்தை மூடிருவாங்க. "இந்த மாசம் சந்தை வேண்டாம்"னா சந்தை கெடையாது. மாரியாத்தா நோம்பிக்கே அவரு வாயைப் பாத்துட்டு ஊரு நின்னது உண்டு. எங்களையெல்லாம் வெரட்டற மணியகாரரு அவரைக் கண்டா தோள்ல கெடக்கற துண்டை எடுத்து இடுப்புல கட்டிக்குவாரு. அந்தத் துண்டைத் தொவைச்சு நாளாயிருக்கும்னு நாங்க பொம்பளைக சாடை பேசிச் சிரிப்போம். அது வேற கதை.

நயா பைசா வந்து கொஞ்ச வருசம் ஆன சமயம் அது. திருப்பூருல பனியன் கம்பெனி ஒண்ணொண்ணா மொளைச்சுக்கிட்டு இருந்துச்சு. எங்க ஊட்டுக்காரரு தறியை விட்டுட்டு பனியன் மெசின் ஓட்டப் போனாரு. எனக்கு ஊட்டுலயே வேலை. மூட்டையாப் பனியன் வந்து எறங்கும், பிசிறு நூலை வெட்டி மடிச்சுக் குடுக்கோணும். ஒரே வாசல்ல ரெண்டு ஊடு, நடுவுல ஒரு சுவரு. எங்க ஊட்டுல நான், அவரு, என்ர மாமியா, நாலு வயசுல மூத்த பையன். அடுத்த ஊட்டுல ஒரு தாராபுரத்துப் புள்ளையும் அவ புருசனும். அவ பனியனுக்குப் பொத்தான் தைப்பா. கை நடக்கறதே தெரியாது, அத்தனை வேகம். நெறமும் நல்ல நெறம். எலுமிச்சம்பழத்தைத் தொடைச்சு வச்சாப்பல இருப்பா. என்னை அக்கா அக்கான்னு சுத்தி வருவா. அந்தச் சமயத்துல தலைப்பிரசவத்துக்கு அவங்கம்மா ஊட்டுக்குப் போயிருந்தா.

என்ர பையனுக்கு மூணு நாளாக் காச்சல். நாலாம் நாளு வெடியால பாத்தா மூஞ்சியெல்லாம் முத்து முத்தா எழும்பியிருக்குது. பெரியம்மை. போன வருசம் அம்மை குத்தறவங்க தெருவுக்கு வந்தப்ப, குத்துனா கை வீங்கிக் காச்சல் வரும்னு பையனைத் தூக்கிக்கிட்டுப் ஊட்டுக்குப் பின்னால பொடக்காளி வழியா ஓடுனவ நான்.

எங்க மாமியா வந்து பாத்தாங்க. வேப்பந்தழை ஒடிச்சாந்து வாசக்கால்ல கட்டுனாங்க. உனக்குத் தெரியாது கண்ணு, நீ இந்தக் காலத்துப் புள்ளை. தழை கட்டியாச்சுன்னா ஆத்தா அந்த ஊட்டுல வந்து உக்காந்திருக்கறான்னு அர்த்தம். ஒறம்பரை சனம் வரமாட்டாங்க. பிச்சைக்காரங்கூட அடுத்த ஊட்டுக்குப் போயிருவான். தலை சீவக் கூடாது, எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, கடுகு தாளிக்கவே கூடாது. அந்த நெடி ஆத்தாளுக்கு ஆகாது. மோரும் கூழும் வெங்காயமும்தான். மாமியா தழையைக் கட்டிட்டு, "நான் கோயலுக்குப் போயி மஞ்சத்தண்ணி வாங்கியாரேன். பையன் பக்கத்துலயே இரு"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. பக்கத்து ஊடு பூட்டிக் கெடந்துச்சு. அந்தப் புள்ளையக் கூட்டியாறதுக்கு அவ புருசன் முந்தின நாளே தாராபுரம் போயிட்டான். அதனால தழை கட்டுனதை ஆரும் பாக்கலை.

கொஞ்ச நேரத்துல எங்க ஊட்டுக்காரரு கம்பெனியில இருந்து ஓடியாறாரு, மூச்சு வாங்குது.

"பெரிய டாக்டரு நம்ம தெருவுக்கு வர்றாரு. வேப்பந்தழை கட்டுன ஊடாப் பாத்துப் பாத்து நொழையறாராம். வீரபாண்டியில ஒரு புள்ளையைத் தூக்கிட்டுப் போயி ஊருக்கு வெளிய தகரக் கொட்டாயில போட்டுட்டாங்களாம்."

"இப்ப என்னங்க பண்றது?"

"எனக்கென்ன தெரியும்? மெசினை நிறுத்தாம வந்துட்டேன்." அப்படியே திரும்பி ஓடிட்டாரு. ஆம்பளைக துப்பு அவ்வளவுதான்.

தகரக் கொட்டாயின்னா என்னன்னு நெனைச்சே? போன சீக்காளி திரும்பி வந்ததா ஆரும் சொன்னதில்லை. என்ர பையனை அங்க விடுவனா? எக்கி நின்னு தழையைப் பிச்சு எடுத்தேன். அடுப்புக்குள்ள போட்டுட்டேன். பையனை உள்ளறையில கோணியைப் போட்டுப் படுக்க வச்சு, ஈரத்துணி போத்திக் கதவைச் சாத்துனேன். அவன் படுத்திருந்த தடுக்குப் பாயைச் சுருட்டி முன்பக்கத்து ஆசாரத்து மூலையில சாத்தி வச்சேன்.

அதோட நின்னிருந்தாலும் பரவாயில்லை. எனக்குத்தான் புத்தி அதிகமாச்சே. தழை இல்லாட்டியும், தாளிப்பு வாசம் இல்லாத ஊடுன்னா சந்தேகப்படுவாரோன்னு தோணுச்சு. அந்த மனுசன் நம்ம வழமையெல்லாம் தெரிஞ்சவருன்னு பேச்சு. எண்ணெயை ஊத்திக் கடுகு, மொளகா, பெருங்காயம், வெங்காயம்னு போட்டேன் பாரு, தெருக்கோடி வரைக்கும் மணந்திருக்கும். கத்திரிக்கா கொளம்பு. பையன் உள்ள இருமறான். நான் கரண்டியால சட்டியைத் தட்டறேன், இருமறது வெளிய கேக்காம இருக்கட்டும்னு.

அந்நேரத்துக்குப் பக்கத்து ஊட்டுப் புள்ளையும் அவ புருசனும் பஸ்ஸை விட்டு எறங்கி வந்து சேந்தாங்க. கையில மூணு மாசப் பொட்டக்கொழந்தை. அவங்க பின்னாலயே பெரிய டாக்டரு, கூட அம்மை குத்தறவரு ஒருத்தரு, மணியகாரரு.

நான் என்னமோ ராசா மாதிரி வருவாருன்னு நெனைச்சேன். வேத்து ஒழுகற மனுசன், குட்டையா, சட்டை முதுகோட ஒட்டிக் கெடக்குது. வாசல்ல பூட்சைக் கழட்டி ஓரமா வச்சாரு. அதைப் பாத்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. பட்டணத்துப் பேச்சு.

"அம்மா, வீட்டுல யாருக்காவது காய்ச்சல் இருக்கா?"

"இல்லீங்க சாமி."

"குழந்தைங்க?"

"ஒரு பையனுங்க. அவங்க அப்புச்சி ஊட்டுக்குச் சோமனூரு போயிருக்கானுங்க."

வாசக்காலை அண்ணாந்து பாத்தாரு. மூக்கை ஒருக்கா உறிஞ்சுனாரு. "கொளம்பு வாசனை பசியைக் கெளப்புதே"ன்னு சிரிச்சாரு. "குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா"ன்னாரு. போசியில மோந்து குடுத்தேன். ஆசாரத்துல நின்னு குடிச்சாரு. உள்ளறைக் கதவுக்கும் அவருக்கும் நாலு எட்டு இருக்கும். குடிச்சுட்டு, என்ர ஊட்டுக் கதவுல சாக்பீசுல ஒரு கோடு போடச் சொன்னாரு. இந்த ஊடு சுத்தம்னு அதுக்கு அர்த்தமாம். எனக்கு உள்ளுக்குள்ள ஒரே குசி கண்ணு. ஜில்லாவையே ஆட்டி வைக்கறவரை ஒரு கரண்டிக் கடுகுல கவுத்துட்டேன்னு.

அடுத்தாப்பல அந்தப் புள்ளைகிட்டப் போனாரு. கொழந்தைக்குத் தாராபுரத்துலயே குத்தியாச்சு, கையில வடு இருக்குது. அவளுக்குக் குத்தலை. பச்சை ஒடம்புன்னு அங்க விட்டுட்டாங்களாம். அவ கையை நீட்டிட்டா கண்ணு. முழங்கைக்கு மேல சீலையை ஒதுக்கிக்கிட்டு நீட்டிட்டு, என்னைத் திரும்பிப் பாக்கறா.

"ஏனுங்கக்கா, குத்திக்கட்டுங்களா?"

நான் ஆமான்னு தலையை ஆட்டியிருந்தாப் போதும். ஆனா என்ர வாசல்லயே அம்மை இருக்கறப்ப அவசரமாக் குத்திக்கச் சொன்னா, ஏன்னு கேப்பாங்களோன்னு பயம். திருட்டுப்பயலுக்கு எதைக் கண்டாலும் போலீசுதானே. நான் சொன்னேன், "உனக்கெதுக்குப் புள்ளே இப்ப? காச்சல் வந்தாப் பால் கட்டிக்கும். இங்கதான் ஆருக்கும் ஒண்ணுமில்லையே"ன்னு.

பெரிய டாக்டரு கொஞ்சம் யோசிச்சாரு. "சரி, இந்த வாசல்ல நோய் இல்லைன்னா ஒரு மாசம் பொறுக்கலாம். அடுத்த தடவை கட்டாயம் போட்டுக்கணும்"னாரு. அவ கையை மடக்கி முந்தானைக்குள்ள விட்டுக்கிட்டா. அந்தக் கை இன்னைக்கும் என்ர கண்ணுல நிக்குது.

அவங்க போயிக் கொஞ்ச நேரங்கூட ஆகலை. அவ கொழந்தையை இடுக்கிக்கிட்டு ஒரு கிண்ணத்தோட வர்றா. "அக்கா, பஸ்ஸுல வந்த பசி. உங்க தாளிப்பு சுவரைத் தாண்டி வந்து இழுக்குது"ன்னா. தழை கட்டியிருந்தா அவ எங்க வாசல் நெலவுப்படியத் தொட்டிருப்பாளா? நான் கொளம்பு ஊத்தப் போயிட்டுத் திரும்பிப் பாக்கறேன், மூலையில சாத்தியிருந்த தடுக்குப் பாயை அவளே எடுத்து விரிச்சு, தட்டி, கொழந்தையைக் கெடத்திட்டு அவளும் பக்கத்துல ஒருக்களிச்சுப் படுத்துட்டா. "அப்பாடா, முதுகு விட்டுப்போச்சுங்கக்கா"ன்னு கன்னத்தைப் பாயில வச்சுக்கிட்டா. கொஞ்ச நேரத்துக்கு முன்னால வரைக்கும் என்ர பையன் கெடந்த பாயி. எந்திரின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஜீப்பு அடுத்த தெருவுலதான் நிக்குது, இவ ஏன்னு கேட்டுச் சத்தம் போட்டா என்ன பண்றதுன்னு, கொளம்புக் கிண்ணத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னேன்.

மாமியா திரும்பி வந்தாங்க. வாசல்லயே நின்னுட்டாங்க.

"தழை எங்க?"

நான் சொன்னேன். அந்தப் புள்ளை வந்து படுத்துட்டுப் போனதையும் சொன்னேன். அவங்க அதிகம் பேசாத மனுசி.

"ஆத்தாளுக்குப் பயப்படலை, சரி. ஊருக்காகப் பயந்துதானே நாங்க தழை கட்டறது? தெரியாம ஒருத்தர் உள்ள வந்துரக் கூடாதுன்னு. கடுகு வேற தாளிச்சியா? நல்லா விருந்து வச்சே போ"ன்னாங்க. மறுபடி போயித் தழை ஒடிச்சாந்து கட்டுனாங்க. கோடு போட்ட ஊட்டுக்கு இனி டாக்டரு வரமாட்டாருன்னு நானும் விட்டுட்டேன். பொழுதோட அந்தப் புள்ளை பாத்துட்டு, எட்ட நின்னு, "எப்பங்கக்கா அம்மை பாத்துது?"ன்னு கேட்டா. "இப்பத்தான். சோமனூருல இருந்து எங்கண்ணன் கொண்டாந்து விட்டாரு, வந்ததும் முத்து போட்டிருச்சு"ன்னேன். பாவம், நம்பிட்டா. "ஆத்தா நல்லா வச்சிருப்பாளுங்க, பயப்படாதீங்க"ன்னு எனக்கே தைரியம் சொன்னா.

அடுத்த மூணு நாளும் அந்த ஜீப்பு ஊருக்குள்ளதான் நின்னுச்சு. தண்ணிக்குப் போறப்பவும் வர்றப்பவும் பாப்பேன். நேராப் போயி, "சாமி, பொய் சொல்லிட்டேன். அந்தப் புள்ளைக்குக் குத்திருங்க"ன்னு சொல்றதுக்கு எத்தனை நேரம் ஆகும்? கொடத்தை இடுப்புல மாத்தி வச்சுக்கிட்டு வந்துருவேன். ஒண்ணும் ஆகாது, ஆத்தா பாத்துக்குவான்னு. அப்பறம் ஜீப்பு போயிருச்சு.

பன்னெண்டு நாளு கழிச்சு அவளுக்குக் காச்சல் அடிச்சுது. அவ புருசன் என்னை மாதிரி இல்லை. நேரா முனிசிபாலிட்டி ஆபீசுக்கு நடந்து போயி, என்ர சம்சாரத்துக்கு அம்மைன்னு சொல்லிட்டு வந்துட்டான். பெரிய டாக்டரு மறுநாளே வந்தாரு. அதே மாதிரி வாசல்ல பூட்சைக் கழட்டி வச்சாரு. அவளைப் பாத்தாரு, கொழந்தையைப் பாத்தாரு. "பிள்ளைக்குப் போட்டது நல்லதாப் போச்சு"ன்னாரு. அவ புருசனை அவ பக்கத்துல விட்டுட்டு வெளிய வந்து திரும்புனா, என்ர வாசக்கால்ல தழை காஞ்சு தொங்குது. பையன் பொருக்கு உதிர உதிர வாசல்ல உக்காந்து கூழு குடிச்சுட்டிருக்கறான். அவன் கன்னத்தை லேசாத் திருப்பிப் பாத்தாரு. அவருக்குக் கணக்குத் தெரியாதா?

"அன்னிக்கு இவன் எங்க இருந்தான்மா?"

நான் உள்ளறைக் கதவைக் காட்டுனேன்.

அந்தக் கதவையும் அவரு தண்ணி குடிச்ச எடத்தையும் பாத்தாரு. திட்டுவாரு, போலீசைக் கூப்புடுவாருன்னு நெனைச்சேன். நெலவுப்படியில உக்காந்துட்டாரு. "நான் உள்ள வந்து பாத்திருக்கணும். சமையல் வாசனையை நம்பி, இந்தத் தெரு சுத்தம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன்"னாரு. என்னைப் பாத்துச் சொல்லலை. தரையைப் பாத்துச் சொன்னாரு. "மூணு நாளைக்குள்ள சொல்லியிருந்தாக்கூட அந்தப் பொண்ணுக்குப் போட்டுத் தடுத்திருக்கலாம்மா."

"கொட்டாயிக்குத் தூக்கிட்டுப் போயிருவீங்கன்னு பயந்துட்டேனுங்க சாமி."

"வீரபாண்டிப் பொண்ணைப் பத்திச் சொல்றீங்களா? அவளுக்குக் கஞ்சி வைக்க ஒரு ஆள் இல்லை, அதனால கொண்டுபோனோம். பாக்க ஆள் இருந்தா வீட்டுலயே இருக்கட்டும். நான் தழை கட்டின வீட்டைத் தேடறது ஆளைப் பிடிக்கறதுக்கு இல்லைம்மா. சுத்தி இருக்கறவங்களுக்கு ஊசி போடறதுக்கு. அதைவிட நல்ல போர்டு சர்க்கார்கிட்ட இல்லை."

எந்திரிச்சுப் பூட்சைப் போட்டுக்கிட்டு, "அந்த வீட்டுக்கு நீங்களே தழை கட்டுங்க. அந்தப் பொண்ணு பொழைச்சு எழுந்ததும், நடந்ததை அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொல்ல மாட்டேன்"னாரு.

கட்டுனேன். எங்க மாமியாளும் நானும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டோம். கொழந்தைக்கு ஆட்டுப்பாலு நான்தான் குடுத்தேன். ஒரு மாசம் கழிச்சு எந்திரிச்சா. எலுமிச்சம்பழ மூஞ்சி தேனடை மாதிரி ஆயிருச்சு. எடது கண்ணுல பூ விழுந்து, பார்வை சுத்தமாப் போயிருச்சு. கண்ணாடியை வாங்கிப் பாத்துட்டு, "எங்க ஊட்டுக்காரரு இனி என்னையப் பொத்தி வைக்க வேண்டியதில்லை, ஆரும் திருட மாட்டாங்க"ன்னு சிரிச்சா. அவளுக்கு எப்பவும் அந்த வாயி. நானும் கூடச் சேந்து சிரிச்சேன். வேற என்ன பண்றதுன்னு தெரியலை.

பொழைச்சு எந்திரிச்சாச்சு. சொல்லியிருக்கோணும். இன்னைக்குத் தெம்பில்லாம இருக்கறா, நாளைக்குச் சொல்லலாம். நாளைக்குச் செவ்வாக்கெழமை. அடுத்த வாரம் நோம்பி. இப்படியே வருசம் ஒண்ணு ஓடிப்போச்சு. மறுபடி பெரிய டாக்டரு தெருவுக்கு வந்தாரு. என்னை அடையாளம் தெரிஞ்சுக்கிட்டாரு.

"அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னீங்களா?"

"சொல்லிட்டேனுங்க சாமி."

நாக்குக் கூசாம வந்துச்சு பாரு கண்ணு. என்னையவே பாத்துட்டு நின்னாரு. அப்பறம் பூட்சைக் கழட்டிட்டு, இந்தத் தடவை ஆசாரத்துல நிக்கலை. நேரா உள்ளறைக்குள்ள போயி, மூட்டைக்குப் பின்னால, கதவுக்குப் பின்னால எல்லாம் பாத்துட்டு வெளிய வந்தாரு. தண்ணி வேணுமான்னு கேட்டேன், வேண்டாம்னு போயிட்டாரு. போலீசுல புடிச்சுக் குடுத்திருந்தாக்கூட அத்தனை கேவலமா இருந்திருக்காது.

அதுக்கப்பறம் அவரை மாத்திட்டாங்க. வேற டாக்டரு வந்தாரு. அம்மையும் போயே போச்சு.

ஒத்தைக் கண்ணுல அவளுக்கு ஊசி கோக்க வரலை. நூலு ஒரு பக்கம் போகுது, ஊசி ஒரு பக்கம் நிக்குது. பொத்தான் தைக்கறதை விட்டா அவளுக்கு வேற வேலை இல்லை. நான் தெனமும் வெடியால அடுப்புப் பத்த வைக்கறதுக்கு முன்னால முப்பது நாப்பது ஊசியில நூலு கோத்து, ஒரு துணியில வரிசையாக் குத்திக் குடுத்துருவேன். ஒரு நாளு, ரெண்டு நாளா? அவங்க தாராபுரத்துக்கே குடி போற வரைக்கும், பன்னெண்டு பதிமூணு வருசம். தெருவே சொல்லும், கூடப் பொறந்தவகூட இப்படிச் செய்யமாட்டாள்னு. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு, "ஊசி கோக்கறதெல்லாம் ஒரு வேலையா"ன்னு சொல்லுவேன். தன்னடக்கம்னு நெனைச்சுக்குவாங்க.

எங்க மாமியா மட்டும் ஒருக்காச் சொன்னாங்க. "ஊசியில நூலு போகுது. உன்ர வாயில இருந்து அந்த ஒரு வார்த்தை வரமாட்டேங்குது"ன்னு. அவங்களும் போயிச் சேந்துட்டாங்க. எங்க ஊட்டுக்காரரும் போயிட்டாரு. தெரிஞ்சவள்னு இப்ப நான் ஒருத்திதான். இன்னைக்கு நீ.

ஏன் இப்பக்கூடச் சொல்லக் கூடாதுன்னுதானே பாக்கறே? போன மாசம் அவ பேத்திக்குக் காது குத்துன்னு கூப்பிட்டாங்க, தாராபுரம் போயிருந்தேன். அவளுக்கும் தலை பஞ்சாப் போச்சு. என்னைக் கண்டதும் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி எலைக்கு முன்னால பக்கத்துலயே உக்கார வச்சுக்கிட்டா. இதை விட்டா இனி எப்பன்னு எனக்கும் தோணுச்சு. ரெண்டு பேருக்கும் வயசாச்சு, இனி என்ன இருக்குது. "ஏம்புள்ளே, அன்னைக்கு நீ பஸ்ஸை விட்டு எறங்கி வந்தியே"ன்னு ஆரம்பிச்சுட்டேன்.

அவ அதைக் காதுல வாங்கலை. மருமகளைக் கூப்பிட்டு, "இந்த அக்கா ஆருன்னு தெரியுமா? எனக்குக் கண்ணு போனப்ப கண்ணா இருந்தவங்க. நம்ம ஊட்டுல எது நடந்தாலும் மொத எலை இவங்களுக்குத்தான்"னா. மருமக என்ர கால்ல விழுகறா. பேத்தியையும் இழுத்து விழச் சொல்றா. நான் எந்த வாயில சொல்லுவேன்? எலையில போட்ட சோத்தைப் பெசைஞ்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். "சாப்பிடுங்கக்கா, கொளம்பு நல்லா இல்லீங்களா?"ன்னு அவ கேக்கறா. நல்லாருக்குது புள்ளேன்னேன்.

அவகிட்டச் சொன்னா என்ர மனசு ஆறும், சரி. அவளுக்கு...

இரு இரு, கொழாயில காத்து வர்ற சத்தம் கேக்குது. தண்ணி விட்டுட்டான். மூணு நாளு கழிச்சு விடறான், அதுவும் அரைமணி நேரம். எந்திரி கண்ணு, காயை அப்படியே வச்சுட்டு வா. அந்த நீலக் கொடத்தை மொதல்ல எடு, நான் டிரம்மோட மூடியத் தொறக்கறேன்.